மீதி இருக்கிற வீடு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். வாசகங்கள்: 2 அரசர்கள் 4:1-7, லூக்கா 12:16-21)



இன்று பணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். காணிக்கையைப் பற்றி அல்ல, பயப்படாதீர்கள். உங்கள் வீட்டில் திடீர் ஆபத்துக்கென்று தனியே எடுத்து வைக்க வேண்டிய பணத்தைப் பற்றி. "சாமி, இதை வங்கிக்காரர் அல்லவா பேச வேண்டும்? நீங்கள் நற்செய்தியைப் பேசுங்கள்" என்று சிலர் நினைக்கலாம். திருவிவிலியமே இதைப் பேசுகிறது. அதனால்தான் நானும் பேசத் துணிகிறேன்.

அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் வருகிறார். அவருடைய கணவர் இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவர். கடவுளுக்கு அஞ்சி நடந்தவர். குடித்து அழித்தார், சூதாடித் தொலைத்தார் என்று அவர்மேல் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. ஆனாலும் அவர் கடனோடு இறந்துபோனார். கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கிறான். எடுத்துச் செல்ல வீட்டில் பொருள் ஏதும் இல்லை. ஆகவே, இரண்டு பையன்களையும் அடிமைகளாகக் கூட்டிப்போகப் பார்க்கிறான். அந்தத் தாய் இறைவாக்கினர் எலிசாவிடம் ஓடிவந்து முறையிடுகிறார்.

எலிசா என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். எவ்வளவு கடன் என்று அவர் கேட்கவில்லை. ஏன் வாங்கினீர்கள் என்று குடையவும் இல்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறார். ஒன்றுமில்லை என்று சொல்லவந்த அந்தத் தாய், ஒரு கலயத்தில் கொஞ்சம் எண்ணெய் இருப்பதை நினைத்துச் சொல்கிறார். அந்தக் கொஞ்சத்திலிருந்துதான் ஆண்டவர் புதுமையைத் தொடங்குகிறார். பக்கத்து வீடுகளிலிருந்து வாங்கிவந்த வெறும் பாத்திரங்களெல்லாம் எண்ணெயால் நிறைகின்றன. கடைசியில் எலிசா சொல்லும் ஆலோசனையில் இரண்டு பாகம் இருக்கிறது. எண்ணெயை விற்றுக் கடனை அடைக்க வேண்டும் என்பது ஒன்று. மீதியைக் கொண்டு தாயும் பிள்ளைகளும் பிழைக்க வேண்டும் என்பது இன்னொன்று.

கடனை அடைப்பதோடு புதுமை நின்றுபோகவில்லை, பாருங்கள். மீதி இருந்தது. கடன் மட்டும் தீர்ந்து கையில் ஒன்றுமில்லாமல் போயிருந்தால், அடுத்த பஞ்சத்தில் அந்தத் தாய் அதே ஆளிடம்தானே போய் நின்றிருப்பார்? மீதிதான் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியது. இன்றைய மறையுரையின் சாரம் இந்த ஒரு சொல்தான்: மீதி.

இந்தக் கதை நம் மலைக்குப் புதிதல்ல. இந்தியா விடுதலை பெற்றது 1947-இல். ஆனால் கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் அதிகாரம் 1976 வரை நீடித்தது. அவர்களுடைய நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று இந்த மலையில் வாழ்கிறார்கள். அதே 1976-இல்தான் நாடாளுமன்றம் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவர் முன்பணம் வாங்கினார் என்பதற்காக அவரையோ அவர் பிள்ளைகளையோ உழைப்பால் கட்டிப்போடக் கூடாது; அப்படிக் கட்டிப்போட்ட கடன் செல்லாது என்று அந்தச் சட்டம் சொல்லிவிட்டது. எலிசாவிடம் ஓடிவந்த தாய்க்கு அப்படி ஒரு சட்டம் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வோம்.

ஆனாலும் ஒன்றை நம் மனதைத் தொட்டுக் கேட்டுக்கொள்வோம். முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் தரகர்கள் இன்றும் மலை ஏறுகிறார்களே, ஏன்? அவர்கள் எந்த வீட்டைத் தேடி வருகிறார்கள்? கையில் பத்தாயிரம் ரூபாய் உள்ள வீட்டுக்கு அவர்கள் போவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வீடு, சாவு விழுந்த வீடு, மழை பொய்த்துச் சாமையும் மரவள்ளியும் கைவிட்ட வீடு, இவைதான் அவர்கள் தட்டும் கதவுகள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்களைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக் கிராமத்தவர்கள். நம்மைப் போன்ற மலைமக்கள். அந்த வீடுகளில் இன்றும் பெண்கள் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அடுத்த ஆளைத் தேடித் தரகர் நம் கிராமத்துக்கு வரும்போது, "வேண்டாம், எனக்கு அவசரமில்லை" என்று சொல்லும் தைரியம் நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? நல்ல புத்தி வேண்டும்தான். அதோடு அந்த மாதத்தைத் தள்ள வீட்டில் கொஞ்சம் பணமும் வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு வீட்டில் இரவு பதினோரு மணிக்குக் குழந்தைக்கு வலிப்பு வருகிறது. 108-க்குச் சொல்கிறோம், வண்டி வந்துசேர நேரமானால் தனி வண்டி பிடிக்கிறோம். கீழே கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவத்துக்குப் பணம் கேட்பதில்லை. ஆனால் உடன் இருப்பவருக்குச் சாப்பாடு வேண்டும். வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். திரும்பி வர வண்டிக்கூலி வேண்டும். ஒரு வாரக் கூலியும் போகிறது. எல்லாம் சேர்ந்து ஐந்தாயிரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் கேட்காத மருத்துவமனைக்குப் போய்வரவே ஐந்தாயிரம்!

அந்த இரவில் ஒருவரிடம் பத்தாயிரம் ரூபாய் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்குகிறோம். மாதம் 500 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 6,000. இரண்டு ஆண்டில் 12,000 ரூபாய் கட்டியிருப்போம்; அப்போதும் பத்தாயிரம் அப்படியே நிற்கும். அதே 500 ரூபாயை அந்த இரவு வருவதற்கு முன்பே மாதாமாதம் எடுத்து வைத்திருந்தால், பத்தே மாதத்தில் அந்த ஐந்தாயிரம் நம்முடையதாக இருந்திருக்கும். வட்டி கட்ட முடிந்த நம்மால் சேமிக்கவும் முடியும். எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. கடன் வசூலில் மிரட்டுவதையும் வற்புறுத்துவதையும் தண்டிக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்தது. இரண்டும் தேவையானவை. மிரட்டப்படுகிறவர்கள் அஞ்சாமல் புகார் கொடுங்கள். ஆனால் பிள்ளைக்கு வலிப்பு வந்த இரவில் யாரும் சட்டத்தைத் தேடி ஓடமாட்டார்கள். பணம் இருக்கும் வீட்டைத் தேடித்தான் ஓடுவார்கள். அந்த வீடு நம் வீடாகவே இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழும். நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே, சேர்த்து வைப்பது நம்பிக்கைக் குறைவு இல்லையா? களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனை லூக்கா நற்செய்தியில் கடவுள் அறிவிலி என்று அழைக்கவில்லையா?

அந்தச் செல்வனின் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் தானியம், என் நெஞ்சே என்று எல்லாமே "என்". பக்கத்து வீடு அவன் கண்ணில் படவே இல்லை. போதுமான அளவு இருந்த பிறகும் அவன் குவித்தான். அதே திருவிவிலியத்தில் இன்னொரு களஞ்சியமும் இருக்கிறது. தொடக்க நூல் 41-ஆம் அதிகாரத்தில் யோசேப்பு எகிப்து நாடு முழுவதும் தானியம் சேர்க்கிறார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; அந்த ஞானத்தைக் கொடுத்ததே கடவுள்தான். யோசேப்பு பஞ்சத்துக்காகச் சேர்த்தார், பலருடைய வயிற்றுக்காகச் சேர்த்தார். களஞ்சியம் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எதற்காகச் சேர்த்தோம், திறக்க வேண்டிய நேரத்தில் திறந்தோமா என்பதைத்தான் ஆண்டவர் பார்க்கிறார். இயேசு வேண்டாம் என்றது கவலையை. ஆபத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பவருக்குக் கவலை கூடுவதில்லை, குறைகிறது. இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

யோசேப்பிடம் நம் மலைக்கு ஏற்ற பாடம் ஒன்று இருக்கிறது. அவர் ஏழு வளமான ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைக்கச் சொன்னார். மாதச் சம்பளக்காரர்களுக்குச் சொல்வதுபோல "மாதாமாதம் போடுங்கள்" என்று நம்மிடம் சொன்னால் பாதிப் பேருக்கு அது பொருந்தாது. நமக்குப் பணம் மாதாமாதமா வருகிறது? மரவள்ளி பத்து மாதம் மண்ணுக்குள் இருக்கிறது. பிடுங்கி, லாரி ஏற்றி, சேகோ ஆலைக்குப் போன பிறகு பணம் மொத்தமாக வருகிறது. புளி, கடுக்காய், பலா, எல்லாம் அதனதன் காலத்தில்தான். வெளியூர் வேலைக்குப் போனவரும் திரும்பி வரும்போதுதான் பணம் கொண்டுவருகிறார். மொத்தமாக வரும் பணம் மொத்தமாகப் போய்விடும். அதன் குணம் அப்படி.

ஆகவே பணம் கைக்கு வந்த அன்றே, சந்தைக்குள் கால் வைப்பதற்கு முன்பே, ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு முடியவில்லையா? இருபதில் ஒரு பங்கில் தொடங்குங்கள். மரவள்ளிக்கு 40,000 ரூபாய் வந்தால் 2,000 தனியே போகட்டும். அடுத்த ஆண்டு பத்தில் ஒரு பங்கு. செலவு போக மிஞ்சினால் சேமிக்கலாம் என்று காத்திருந்தால் எந்த வீட்டிலும் மிஞ்சாது. எடுத்துவைத்த பிறகு இருப்பதில்தான் செலவு செய்யப் பழக வேண்டும்.

அடுத்து, எல்லாப் பணத்தையும் ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள். மனக்கணக்கில் மூன்று பானைகள் இருக்கட்டும்.

முதல் பானை ஆபத்துக்கு. நோய், விபத்து, சாவு, வேலை இழப்பு, பயிர் அழிவு, இவற்றுக்கு மட்டும்.

இரண்டாம் பானை நாள் தெரிந்த செலவுக்கு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும், ஆண்டுதோறும் திறக்கிறது. கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-இல் வரும். ஒரு தடவைகூட நம்மை ஏமாற்றித் தேதி மாறி வந்ததில்லை. விதைக்கும் காலம், பங்குத் திருவிழா, பிள்ளையின் புதுநன்மை, முறைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய், இவையெல்லாம் முன்பே தெரிந்தவை. தெரிந்த செலவுக்குக் கடன் வாங்குவதுதான் பல வீடுகளில் கடனின் தொடக்கம். பள்ளிக்கூடச் செலவு 6,000 ரூபாய் ஆகும் என்றால், ஒரு ஜூனிலிருந்து அடுத்த ஜூனுக்குள் மாதம் 500.

மூன்றாம் பானை ஆசைக்கு. நல்ல ஆசைகள் வேண்டும். வீட்டுக்குக் கூரை, மகளுக்குக் கல்லூரிப் படிப்பு, ஒரு கறவை மாடு. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பார் என்று லூக்கா 14-இல் இயேசு சொல்கிறார் அல்லவா? உட்காருங்கள். இன்னது வேண்டும், இவ்வளவு ஆகும், இத்தனை ஆண்டில் என்று எழுதுங்கள். கறவை மாட்டுக்கு 36,000 ரூபாய் வேண்டும், மூன்று ஆண்டில் வாங்க வேண்டும் என்றால் மாதம் 1,000. அது முடியாது என்று கணக்கு சொன்னால் ஆசையைக் கைவிட வேண்டாம். மூன்று ஆண்டை ஐந்து ஆண்டாக்குங்கள், மாதம் 600 ஆகிவிடும்.

மூன்று பானையிலும் முதலில் நிறைய வேண்டியது ஆபத்துப் பானை. ஏனென்றால் அது காலியாக இருந்தால், ஓர் இரவு போதும், மற்ற இரண்டையும் உடைத்துவிடும்.

அதில் எவ்வளவு வேண்டும்? மூன்று மாதச் செலவு கையிருப்பு வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் வீட்டுச் செலவு மாதம் 8,000 என்றால் 24,000. இதைக் கேட்டதும் மலைத்துவிடாதீர்கள். படிப்படியாக ஏறுவோம், மலை ஏறுவது நமக்குப் பழக்கம்தானே. முதல் படி 2,000 ரூபாய்: இரவில் வண்டி பிடித்து இறங்க. இரண்டாம் படி 5,000: மருத்துவமனையில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க. மூன்றாம் படி 24,000. நாளுக்கு 20 ரூபாய் வைத்தால் மாதம் 600, ஆண்டுக்கு 7,200. மூன்று ஆண்டில் 21,600. அறுவடைப் பணத்திலிருந்து ஆண்டுக்கு 800 சேர்த்தால் கணக்கு முடிந்தது. 20 ரூபாய் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். சாராயம், ஹான்ஸ், பீடி என்று போகும் பணம் எவ்வளவு என்று உங்கள் வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் பல தாய்மார்களின் கணக்கில் வருகிறது. அதில் 200 ரூபாயை எடுக்காமல் விட்டாலே ஆண்டுக்கு 2,400. முதல் படி தாண்டிவிட்டோம்.

ஏற்கனவே ஐந்து வட்டிக் கடன் இருக்கிறவர்கள் என்ன செய்வது? முதலில் 2,000 ரூபாய் கையிருப்பு வையுங்கள், இன்னொரு புதுக்கடன் வராமல் இருக்க. அதற்கு மேல் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயையும் அந்தக் கடனின் அசலில் கட்டுங்கள். வட்டிக்காரர் நம்மிடம் ஆண்டுக்கு நூற்றுக்கு 60 வாங்குகிறார். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு நமக்குக் கொடுப்பது நூற்றுக்கு 4 அளவில்தான். 60 போய்க்கொண்டிருக்கும்போது 4-க்காகச் சேர்ப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது. கடன் தீர்ந்த பிறகு, வட்டி கட்டிய அதே தொகையை அதே தேதியில் ஆபத்துப் பானையில் போடுங்கள்.

"சாமி, எங்களுக்கு ஆடுதான் சேமிப்பு" என்று சொல்பவர்கள் இருக்கிறீர்கள். ஆடு நல்ல சேமிப்பு; குட்டி போடும். மூன்றாம் பானைக்கு ஏற்றது. ஆனால் ஆபத்து நேரத்தில் அதை நம்ப வேண்டாம். அவசரத்தில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனால் வியாபாரி ஆட்டைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார். பாதி விலைக்குப் போகும். இரவில் அதுவும் போகாது.

பணத்தை எங்கே வைப்பது? வண்டிக்குத் தேவையான ஆயிரம், இரண்டாயிரத்தை வீட்டில் வையுங்கள். இரவில் எந்த வங்கியும் திறந்திருக்காது. மற்றதை அஞ்சலகத்திலோ வங்கியிலோ சேமிப்புக் கணக்கில் போடுங்கள். ஆபத்துப் பணம் நினைத்த நாளில் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நாள் குறித்த ஆசைக்கு அஞ்சலகத் தொடர் வைப்பு நல்லது. மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம், ஐந்து ஆண்டு. வங்கியில் போட்ட பணத்துக்கு ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு. ஒரே ஆண்டில் இரட்டிப்பாக்கித் தருகிறோம், தங்கக் காசு தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அவர் நம் சொந்தக்காரராக இருந்தாலும், நம் பங்கைச் சேர்ந்தவராக இருந்தாலும்.

சேமிப்பால் தாங்க முடியாத பெரிய ஆபத்துகளுக்குக் காப்பீடு இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், திட்டத்தில் உள்ள சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையான எவரும் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டிப் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேரலாம்; விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். மரம் ஏறுகிறவர்களும் லாரியில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கும் மலையில், இந்த 20 ரூபாயை எவரும் விட்டுவிடக் கூடாது.

கணவரும் மனைவியும் சேர்ந்து ஒரு விதி வகுத்துக்கொள்ளுங்கள். ஆபத்துப் பானையைத் திறக்கும் முன் மூன்று கேள்வி: இது எதிர்பாராமல் வந்ததா? தள்ளிப்போட முடியாததா? தள்ளினால் உயிருக்கோ பிழைப்புக்கோ கேடு வருமா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் எடுங்கள். அதற்காகத்தானே வைத்தோம்! பிள்ளை துடிக்கும்போது பணம் கரைகிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பது சேமிப்பு அல்ல, அது கஞ்சத்தனம். எடுத்த பிறகு அடுத்த வரவில் முதல் வேலையாகத் திரும்ப நிரப்புங்கள்.

இனி, தனியாகச் செய்ய முடியாதவர்களைப் பற்றி. எலிசா அந்தத் தாயிடம் அண்டை வீட்டாரிடமிருந்து பாத்திரங்களை வாங்கிவரச் சொன்னார். ஊர் கொடுத்த பாத்திரத்தில்தான் புதுமை நிறைந்தது. நமக்கு அருகிலுள்ள தருமபுரி மாவட்டத்தில் 1989-இல் தமிழ்நாடு அரசு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பெண்களின் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட வாரம் சில ரூபாய் சேர்த்தார்கள். தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கினார்கள். இன்று தமிழகம் முழுவதும் ஊர்தோறும் அந்தக் குழுக்கள் இருக்கின்றன. வடகிழக்கில் மிசோரம் என்ற மலை மாநிலத்தில், பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த தாய்மார்கள் நூறு ஆண்டுக்கு மேலாக ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென்று எடுத்துவைக்கிறார்கள். அந்தப் பிடி அரிசி சபையின் பணிகளைத் தாங்க உதவுகிறது. பிடி அரிசி நம் பாட்டிமாருக்கும் தெரிந்த வழக்கம்தான். நம் அன்பியக் கூட்டங்களில் செபமாலை முடிந்தபின் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒரு சேமிப்புக் குழுவைத் தொடங்கினால் என்ன? கணக்கை எல்லார் முன்பும் வாசியுங்கள். பணத்தை வங்கியில் போடுங்கள். பொறுப்பாளரை ஆண்டுதோறும் மாற்றுங்கள்.

இன்னொரு கூட்டத்தாரிடமும் பேச வேண்டும். இந்த மறையுரையைக் கேட்பவர்களில் வட்டிக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறீர்கள். கோபப்பட வேண்டாம், சகோதரனாகச் சொல்கிறேன். இணைச்சட்டம் 24-ஆம் அதிகாரம், மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது என்கிறது. ஏனென்றால் அது ஓர் ஏழையின் உயிரையே அடகு பிடிப்பது. இன்றைய திரிகைக் கல் எது? ரேஷன் அட்டை, ஏ.டி.எம். அட்டை, வேலை அட்டை. இவற்றில் எதையாவது உங்கள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், அடுத்த ஞாயிறு நற்கருணை வாங்க வருவதற்கு முன் உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திருச்சபை இதில் வெறும் புத்தி மட்டும் சொல்லவில்லை. 1462-இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகள், வட்டிக்காரர்களிடம் சிக்கிய ஏழைகளுக்காக ஒரு கடன் நிதியைத் தொடங்கினார்கள். வசதியுள்ளவர்கள் கொடுத்த பணத்திலிருந்து ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கடன் கொடுத்தார்கள். 1515-இல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கத்தில் திருத்தந்தை பத்தாம் லியோ அதற்கு ஒப்புதல் தந்தார். அந்த நிதியின் பெயர் மோந்தே தி பியெத்தா. இரக்கத்தின் மலை என்று பொருள் சொல்லலாம். மலையில் வாழும் நமக்கு இதைவிட நல்ல பெயர் வேண்டுமா? சில வீடுகளில் இன்று 20 ரூபாயும் இல்லை. கணவரை இழந்து மூன்று பிள்ளைகளோடு நிற்கும் பெண்ணிடம் "சேமித்து வை" என்று மட்டும் சொல்வது அவரைக் கேலி செய்வது போல. அவருடைய பானையில் முதல் காசைப் போட வேண்டியவர்கள் நாம். அன்பியத்துக்கு ஒரு வீடு என்று எடுத்துக்கொண்டு, அந்த முதல் 2,000 ரூபாயை நாம் நிரப்பிக் கொடுப்போம்.

ஆகவே, இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் குடும்பமாக உட்கார்ந்து, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து, வரும் ஓராண்டில் நாள் தெரிந்த செலவுகளை எழுதுங்கள். நாளை காலை வேலைக்குப் போகும் முன் ஆபத்துப் பானையில் முதல் 20 ரூபாயைப் போடுங்கள். சனிக்கிழமைக்குள் உங்கள் தெருவில் ஆபத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போய், "அக்கா, என்ன வேண்டும்?" என்று கேளுங்கள்.

உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று எலிசா கேட்ட கேள்வியை ஆண்டவர் இன்று நம்மிடம் கேட்கிறார். ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டாம். கொஞ்சம் இருக்கிறது, ஆண்டவரே என்று சொல்வோம். அந்தக் கொஞ்சத்தை அவர் கையில் கொடுப்போம்.

செபிப்போம். இரக்கமுள்ள தந்தையே, எங்கள் உழைப்பின் பலனை எங்கள் பிள்ளைகள் உண்ணும்படி அருள்வீராக. எங்கள் மகன்களையும் மகள்களையும் எந்த முன்பணமும் கட்டிப்போடாதபடி காத்தருளும். இருப்பதில் கொஞ்சத்தை எடுத்துவைக்கும் ஞானத்தையும், எடுத்துவைத்ததைப் பகிர்ந்துகொள்ளும் மனதையும் எங்களுக்குத் தாரும். கைம்பெண்ணின் கலயத்தை நிரப்பிய ஆண்டவரே, எங்கள் மலையின் ஒவ்வொரு வீட்டிலும் மீதி இருக்கச் செய்யும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.